சிபிஆரா, விபிஆரா, அடாப்டிவா? வீடியோ ஸ்ட்ரீமிங்குக்குப் பேண்ட்வித் ஒதுக்கும் நான்கு வழிகள்

"அப்லோடு நொடிக்கு 5 மெகாபிட் கிடைக்கிறது. வீடியோவை 4 மெகாபிட்டில்தான் அனுப்புகிறேன். அப்புறம் ஏன் திக்கித் திக்கிப் போகிறது?" ஸ்ட்ரீமிங்கில் இறங்கியவர்கள் பலரும் ஏதோ ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி இது. கூடவே இன்னொன்றும் வரும்: வீடியோவைச் சுருக்கும் என்கோடரைத் திறந்தால் சிபிஆர் (பிட்ரேட், அதாவது நொடிக்கு அனுப்பும் பிட் அளவு, மாறாதது), விபிஆர் (பிட்ரேட் மாறுவது), சிஆர்எஃப் (தரம் மாறாதது) என்று வரிசையாக நிற்கிறதே, எதைத் தொடுவது? பேசாமல், பார்ப்பவரின் இணைப்புக்கேற்பத் தரம் மாறும் அடாப்டிவ் ஸ்ட்ரீமிங்குக்கே போய்விடலாமா?

கேட்பவரின் கூட்டல் கழித்தலில் தப்பில்லை. ஆனால் அவர் போட்டது சராசரிக் கணக்கு. இணைப்புக்குச் சராசரி தெரியாது. இந்த நொடியில் தன் மேல் எவ்வளவு வந்து விழுகிறது என்பது மட்டும்தான் தெரியும்.

சுருக்காத 1080பி வீடியோ, நொடிக்கு 30 ஃப்ரேம், 8 பிட், 4:2:0 (நிற விவரத்தைக் குறைத்து வைக்கும் முறை) என்று எடுத்துக்கொண்டால் நொடிக்கு சுமார் 746 மெகாபிட். அதை 4 மெகாபிட்டில் அடக்குகிறோம் என்றால் கிட்டத்தட்ட 190-இல் ஒரு பங்காக ஆக்குகிறோம். என்கோடர் இதைச் சாதிப்பது மாறாத பகுதியைத் திரும்ப அனுப்பாமல் விட்டுவிட்டு, மாறியதை மட்டும் அனுப்புவதால்தான். அதனால் அசையாமல் நிற்கும் ஸ்லைடுக்குக் கொஞ்சம் பிட் போதும். மழையில் ஆடும் மரத்துக்கு மூட்டை மூட்டையாக வேண்டும். இந்த ஏற்ற இறக்கம் சுருக்கலோடு கூடவே பிறப்பது. அதை ஒழிக்க முடியாது, யார் தலையிலாவது கட்டத்தான் முடியும். படத்தின் தரமா, நெட்வொர்க்கா, பஃபரா (வீடியோவை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் இடம்), சர்வர் செலவா என்று நால்வரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்த முடிவின் சாரம்.

## ஒரே ஒரு கீஃப்ரேம் செய்கிற வேலை

4 மெகாபிட், 30 ஃப்ரேம், 2 நொடிக்கு ஒரு கீஃப்ரேம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஃப்ரேமுக்குச் சராசரியாக 133 கிலோபிட், அதாவது ஏறக்குறைய 17 கிலோபைட். கீஃப்ரேம் என்பது முந்தைய ஃப்ரேம்களின் துணை இல்லாமல் தானே நிற்கும் முழுப் படம். அது 100 கிலோபைட்டைத் தொடுவது சாதாரணம்.

5 மெகாபிட் இணைப்பில் அந்த 100 கிலோபைட் வெளியேற 160 மில்லிநொடி ஆகும். இடையில் 33 மில்லிநொடிக்கு ஒன்றாக ஃப்ரேம்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கீஃப்ரேம் முழுசாகப் போய் முடிவதற்குள் பின்னால் நான்கு ஃப்ரேம்கள் வரிசையில் நிற்கும். மற்ற ஃப்ரேம்கள் சின்னவை; ஒவ்வொன்றும் வெளியேற 24 மில்லிநொடிதான். ஆக, ஒரு ஃப்ரேமுக்கு 9 மில்லிநொடி வீதம் அந்த வரிசை கரையும். முழுதும் கரைய சுமார் அரை நொடி. அதே இணைப்பில் பிட்ரேட்டை 4.5 ஆக ஏற்றினால் கரைய முக்கால் நொடி. அடுத்த கீஃப்ரேம் 2 நொடியில் வந்துவிடும். நடுவில் ஒரு காட்சி மாற்றம் வந்தால் அங்கேயும் ஒன்று முளைக்கும்.

முன்பே பதிவு செய்த படத்தை 30 நொடி பஃபரோடு பார்ப்பவருக்கு இது எதுவும் தெரியாது. வீடியோ காலில் பேசுபவருக்கு ஒவ்வொன்றும் தெரியும். ஒரே இணைப்பு, ஒரே பிட்ரேட், ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே அமைப்பு பொருந்தாது என்பதற்கு இதுவே காரணம்.

## எதை வைத்து முடிவு செய்வது

நெருக்கடி எந்த இடத்தில்? உங்கள் அப்லோடிலா, பார்ப்பவரின் டவுன்லோடிலா, நடுவில் சர்வர் வெளியேற்றத்திலா? இந்தக் கேள்வியைத் தாண்டிவிட்டு நேராக அமைப்புகளுக்குப் போவதால்தான் பாதிக் குழப்பம். பார்ப்பவர் பக்கம் இருக்கும் சிக்கலை உங்கள் என்கோடரில் சிபிஆரைப் போட்டுத் தீர்க்க முடியாது.

தாமதம் எவ்வளவு பொறுக்கும்? உரையாடல் என்றால் கால் நொடிக்கு மேல் போனால் பேச்சு ஒன்றின்மேல் ஒன்று ஏறும். நேரலை நிகழ்ச்சி என்றால் 20 நொடிகூடச் சரி. பதிவு செய்த படத்துக்கு இந்தக் கேள்வியே கிடையாது.

பார்ப்பவர்கள் யார்? ஒரே கட்டடத்துக்குள் ஒரே மாதிரி இணைப்பில் இருப்பவர்களா, அல்லது ஃபைபரிலிருந்து ஓடும் ரயிலில் செல்போன் வரை எல்லாருமா?

பில் எதை எண்ணுகிறது? சிடிஎன் (பார்ப்பவருக்குப் பக்கத்திலிருந்து வீடியோவைத் தரும் சர்வர் வலை) பெரும்பாலும் போன கிகாபைட்டை எண்ணும். அங்கே சராசரிதான் காசு. டேட்டா சென்டர் இணைப்புகளில் 95-ஆம் சதவீத முறை வழக்கம்: 5 நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து, உச்சியில் இருக்கும் 5 சதவீத அளவுகளைத் தள்ளிவிட்டு, மிச்சத்தில் பெரியதற்குக் கட்டணம் போடுவார்கள். 30 நாள் மாதத்தில் 36 மணி நேர உச்சம் இலவசம் என்று அர்த்தம். நொடிக் கணக்கில் துள்ளும் விபிஆரை 5 நிமிடச் சராசரி விழுங்கிவிடும். பில்லை ஏற்றுவது ஒரே நேரத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதுதான்.

படத்தின் தன்மை. பேசும் தலையும் கால்பந்தும் ஒன்றல்ல. நெட்ஃபிளிக்ஸ் 2015 டிசம்பரில் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகப் பிட்ரேட் வகுக்கத் தொடங்கியதன் அடிப்படை இதுதான்: தட்டையான வண்ணங்களில் வரைந்த கார்ட்டூனுக்கும் ஆக்‌ஷன் படத்துக்கும் ஒரே அளவு ஒதுக்குவது ஒன்றில் வீண், மற்றதில் பற்றாக்குறை.

## 1. சிபிஆர்: தரம் தாங்கட்டும்

பிட்ரேட்டை ஒரே மட்டத்தில் பிடித்து வைக்கிறோம். காட்சி கடினமானால் படம் கட்டம் கட்டமாக உடையும். எளிதானால் பிட் மிச்சமாகும். மிச்சத்தைச் சில என்கோடர்கள் வெற்றுத் தரவால் நிரப்பும். ஒளிபரப்பில் பயன்படும் எம்பெக் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் வடிவத்தில் இதற்கென்றே 8191 என்ற எண்ணிட்ட வெற்றுப் பாக்கெட்டுகள் உண்டு. கருப்புத் திரைக்கும் 4 மெகாபிட், ஒரு மணி நேரத்துக்கு 1.8 கிகாபைட்.

கேட்கவே வீணாகத் தோன்றும். ஆனால் உங்கள் அப்லோடுதான் குறுகல், நேரலை என்றால் இந்த வீண் ஒரு காப்பு. இப்போது என்ன போகிறதோ அதுவேதான் ஒரு மணி நேரம் கழித்தும் போகும். அமைதியான அறிமுகப் பேச்சில் எல்லாம் சரியாக ஓடி, ஆட்டம் தொடங்கியதும் கவிழ்கிற கூத்து இதில் நடக்காது. நேரலைத் தளங்கள் பலவும் சிபிஆரையே கேட்பதற்கும் இதுதான் காரணம். குறிப்பிட்ட அகலத்தில் வாடகைக்கு எடுத்த சாட்டிலைட் தடத்தில் வேறு வழியும் இல்லை.

இதில் மறைந்திருக்கும் செலவு கீஃப்ரேமில் இருக்கிறது. கட்டுப்பாட்டை இறுக்க இறுக்க, கீஃப்ரேமுக்குக் கிடைக்கும் பிட் குறையும். 2 நொடிக்கு ஒரு முறை படம் மங்கி மங்கித் தெளியும். புல்தரை, சுவரின் சொரசொரப்பு போன்ற இடங்களில் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். எக்ஸ்264 போன்ற என்கோடர்களில் இன்ட்ரா ரிஃப்ரெஷ் என்று ஒரு வழி இருக்கிறது: முழுக் கீஃப்ரேமை ஒரே மூச்சில் அனுப்பாமல், படத்தைப் பட்டை பட்டையாகப் பல ஃப்ரேம்களில் புதுப்பிப்பது. மேலே பார்த்த 160 மில்லிநொடி மேடு சமதளமாகிவிடும். ஆனால் செக்மென்ட் செக்மென்டாக (சில நொடித் துண்டுகளாக) வெட்டி அனுப்பும் முறைகளுக்குக் கீஃப்ரேம் அவசியம் என்பதால் அங்கே இது உதவாது.

## 2. கட்டற்ற விபிஆர்: நெட்வொர்க் தாங்கட்டும்

தரத்தை நிலையாக வைத்துவிட்டு பிட்ரேட்டை அதன் போக்கில் விடுவது. எக்ஸ்264-இல் இதற்கு சிஆர்எஃப். 0 முதல் 51 வரை. வழக்கமான தொடக்கம் 23. 6 கூட்டினால் அளவு ஏறக்குறைய பாதியாகும். எந்தக் காட்சிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் செலவாவதால், ஒரே தரத்துக்கு மொத்த அளவு இதில்தான் சிக்கனம்.

காப்பகம், இறக்கிப் பார்க்கும் கோப்பு, லோக்கல் டிஸ்க் ஆகியவற்றுக்கு யோசிக்கவே வேண்டாம், இதுதான். குறுகிய அப்லோடில் நேரலைக்கு இதைத் தொடவே வேண்டாம்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சூழல் இருக்கிறது. ஒரு பெரிய குழாயில் பல ஸ்ட்ரீம்கள் ஒன்றாக ஓடும்போது ஒன்றின் உச்சத்தை மற்றொன்றின் பள்ளம் ஈடுகட்டும். ஒளிபரப்புத் துறையில் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள்: பல சேனல்களை ஒரே தடத்தில் ஏற்றி, கடினமான காட்சி ஓடும் சேனலுக்கு அந்த நேரத்தில் கூடுதல் பங்கு தருவார்கள். ஆனால் உச்சங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வர வேண்டும். கண்காணிப்புக் கேமராக்கள் இங்கேதான் காலை வாரும். கரண்ட் போய் வந்ததும் முப்பது கேமராவும் சேர்ந்தே விழிக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே கீஃப்ரேம் இடைவெளி. முப்பது கீஃப்ரேமும் ஒரே நேரத்தில் சுவிட்சில் வந்து விழ வாய்ப்பு உண்டு. சராசரி வரைபடத்தில் இணைப்பு பாதி காலியாகத் தெரியும், படமோ சீரான இடைவெளியில் தடுமாறும். கேமராக்களைச் சில நொடி இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகத் தொடங்கிப் பாருங்கள். இடைவெளி கீஃப்ரேம் இடைவெளியின் முழு மடங்காக அமையாமல் இருக்கட்டும்.

## 3. உச்சவரம்பு விபிஆர்: பஃபர் தாங்கட்டும்

நான்கில் என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். அதேசமயம் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே.

இதில் இரண்டு எண்கள்: உச்ச பிட்ரேட், பஃபர் அளவு. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் மேக்ஸ்ரேட், பஃப்சைஸ் என்று கொடுப்போமே, அவைதான். ஒரு தண்ணீர்த் தொட்டியை எண்ணிக்கொள்ளுங்கள். குழாயிலிருந்து ஒரே வேகத்தில் தண்ணீர் விழுகிறது, அது மேக்ஸ்ரேட். தொட்டியின் கொள்ளளவு பஃப்சைஸ். ஒவ்வொரு ஃப்ரேமும் தன் அளவுக்கு மொண்டு போகிறது. தொட்டி வறளக் கூடாது என்பது மட்டுமே என்கோடருக்கு விதி.

இதில் எங்கே சறுக்குகிறார்கள்? மேக்ஸ்ரேட் 4 மெகாபிட் என்று கொடுத்துவிட்டு, எந்த நொடியிலும் 4-ஐத் தாண்டாது என்று நம்பிவிடுகிறார்கள். பஃப்சைஸ் 8 மெகாபிட் என்றால், தொட்டி நிரம்பி இருக்கும் நேரத்தில் ஒரே நொடியில் 8-உம் 4-உம் சேர்ந்து 12 மெகாபிட் அளவுக்கு ஃப்ரேம்கள் வெளிவரலாம். என்கோடரைப் பொறுத்தவரை விதி மீறப்படவில்லை. அந்த ஃப்ரேம்களை வந்த வேகத்தில் இணைப்பில் தள்ளும் நேரலைக்கு மட்டும் அது மூன்று மடங்கு அடி.

ஆக, பஃப்சைஸை மேக்ஸ்ரேட்டால் வகுத்து வரும் நொடிகளைத் தாமதமாகப் படியுங்கள். பார்ப்பவர் பக்கம் அத்தனை நொடி முன்கூட்டியே சேர்த்து வைத்தால்தான் தடங்கல் இருக்காது. பதிவு செய்த படத்துக்கு 2 நொடி தாராளமாகப் போகும். குறுகிய அப்லோடில் நேரலைக்கு 1 நொடி. உரையாடலுக்குக் கால் நொடியோ அதற்கும் குறைவோ; அங்கே வந்ததும் இது நடைமுறையில் சிபிஆராகவே மாறிவிடும். இரண்டும் வேறு வேறு சாதி அல்ல, ஒரே அளவுகோலின் இரண்டு முனைகள்.

சிஆர்எஃப்போடு இந்த இரண்டு எண்களையும் சேர்த்துக் கொடுப்பது நல்ல கூட்டணி. எளிய காட்சியில் சிஆர்எஃப் பிட்டை மிச்சம் பிடிக்கும், கடினமான காட்சியில் உச்சவரம்பு கடிவாளம் போடும். செக்மென்டாக வெட்டும் பதிவுப் படத்தில் உச்சம் சராசரியின் இரண்டு மடங்கைத் தாண்டாமல் வைப்பது நல்ல வழக்கம். மறைந்த செலவு என்றால் சோதனை நேரம்தான்: மிகக் கடினமான காட்சியைத் தேடி எடுத்து ஓட்டிப் பார்க்காமல் இந்த எண்களை நம்பக் கூடாது.

## 4. அடாப்டிவ்: சர்வர் தாங்கட்டும்

ஒரே வீடியோவைப் பல தரங்களில் என்கோடு செய்து, சில நொடித் துண்டுகளாக வெட்டி வைத்துவிடுகிறோம். எந்தத் துண்டை எந்தத் தரத்தில் எடுப்பது என்பது பார்ப்பவரின் பிளேயர் பாடு. ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ், 2012-இல் தரநிலையாக வெளியான டேஷ் இரண்டும் இந்த வகை.

பார்ப்பவர்களின் இணைப்பு பலவிதமாக இருந்தால் இதற்கு மாற்றே இல்லை. பெரிய அளவில் நிலைமை மாறும்போதும் கைகொடுக்கும். 2020 மார்ச்சில் ஐரோப்பாவில் இணைய நெரிசல் அச்சம் எழுந்தபோது நெட்ஃபிளிக்ஸ் எதையும் புதிதாக என்கோடு செய்யவில்லை. அதிக பிட்ரேட் ஸ்ட்ரீம்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, போக்குவரத்தில் 25 சதவீதம் குறையும் என்றது.

செலவுகளுக்கு வருவோம். படிகள் 5, 3, 1.5, 0.8, 0.4 மெகாபிட் என்று வைத்தால் கூட்டுத்தொகை 10.7. மேல்படியை மட்டும் வைத்திருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சேமிப்பிடம். ஒன்றுக்குப் பதில் ஐந்து என்கோடிங். இந்தப் படிகளை உங்கள் கணினியிலேயே செய்து அனுப்பினால் அப்லோடுக்கு 10.7 மெகாபிட் வேண்டும். 5 மெகாபிட்டே திண்டாடுகிற இடத்தில் அடாப்டிவ் நிலைமையை மோசமாக்கும். அப்லோடில் ஒரே ஒரு நல்ல ஸ்ட்ரீமை அனுப்பிவிட்டு, படிகளை சர்வரில் செய்வதுதான் முறை.

அடுத்தது தாமதம். எச்எல்எஸ் விதிப்படி நேரலையில் பிளேயர் கடைசி முனையிலிருந்து மூன்று துண்டு அளவாவது பின்தங்கியே தொடங்க வேண்டும். துண்டு 6 நொடி என்றால் 18 நொடி தாமதம் கைவசம். துண்டைச் சிறிதாக்கினால் தாமதம் குறையும். கீஃப்ரேம்கள் கூடும், கோரிக்கைகள் கூடும், சுருக்கம் கெடும். குறைந்த தாமதத்துக்கான எச்எல்எஸ் வடிவம் துண்டுகளையும் துணுக்குகளாக்கி இதைச் சமாளிக்கிறது, ஆனால் சர்வரும் சிடிஎன்னும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும்.

வெளியே அதிகம் பேசப்படாத ஒன்று: ஒரே இணைப்பில் இரண்டு மூன்று பிளேயர்கள் ஓடும்போது ஒன்றையொன்று ஏமாற்றிக்கொள்ளும். பஃபர் நிரம்பியதும் பிளேயர் இறக்குவதை நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து அடுத்த துண்டைக் கேட்கும். ஒன்று ஓய்ந்திருக்கும் சமயத்தில் மற்றது அளந்தால் முழு இணைப்பும் தனக்கே என்று நினைத்து மேல்படிக்குத் தாவும். முதலாவது விழித்ததும் இரண்டும் சரியும். வேகத்தை மட்டும் அளக்காமல் பஃபர் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்கும் பிளேயர்கள் இதில் நிதானமாக நடந்துகொள்கின்றன. பிளேயரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்கள் கையில் இருந்தால் அமைப்புகளில் இதைத் தேடிப் பாருங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | சிபிஆர் | கட்டற்ற விபிஆர் | உச்சவரம்பு விபிஆர் | அடாப்டிவ் |
|---|---|---|---|---|
| தாங்குவது யார் | படத்தின் தரம் | நெட்வொர்க் | பஃபர் | சர்வரும் சேமிப்பிடமும் |
| தாமதம் | குறைவாக வைக்கலாம் | பெரிய பஃபர் வேண்டும் | நீங்கள் வைப்பதுதான் | நேரலையில் பல நொடிகள் |
| கிகாபைட் செலவு | அதிகம் | ஒரே தரத்துக்கு மிகக் குறைவு | குறைவு | பார்ப்பவரின் படியைப் பொறுத்தது |
| மறைந்த செலவு | கீஃப்ரேம் மங்கல், வெற்று நிரப்பல் | எதிர்பாராத உச்சம் | சோதித்துப் பார்க்கும் நேரம் | பல என்கோடிங், இரட்டிப்புச் சேமிப்பு |
| பொருந்தும் இடம் | குறுகிய அப்லோடில் நேரலை | காப்பகம், பெரிய பொதுக் குழாய் | ஒரே மாதிரி இணைப்புள்ள பார்வையாளர்கள் | பலவித இணைப்புள்ள பார்வையாளர்கள் |

வீடியோ கால் இந்த அட்டவணையில் சரியாக உட்காராது. பிரவுசர் வழி அழைப்புகளுக்கான வெப்ஆர்டிசியில் எதிர்முனை அனுப்பும் அறிக்கைகளைப் பார்த்து என்கோடரே நொடிக்கு நொடி பிட்ரேட்டை ஏற்றி இறக்கும். பலர் கூடும் அழைப்பில் இரண்டு மூன்று தரங்களைச் சேர்த்தே அனுப்பி, யாருக்கு எது என்பதை நடு சர்வர் பிரித்துக் கொடுக்கும். நீங்கள் வைக்க வேண்டியது உச்சவரம்பு ஒன்றுதான்.

## சரி, எதை எடுப்பது?

அப்லோடுதான் குறுகல், நேரலை: சிபிஆர், அல்லது 1 நொடி பஃபரோடு உச்சவரம்பு விபிஆர். பார்ப்பவர்கள் பலவிதம் என்றால் அதே ஸ்ட்ரீமை சர்வரில் படிகளாகப் பிரியுங்கள். இரண்டும் சேர்ந்துதான் முழுத் தீர்வு, ஒன்றுக்கொன்று போட்டியில்லை.

பதிவு செய்த பாடங்கள், ஒரே வளாகத்துக்குள் நல்ல இணைப்பு: சிஆர்எஃப்போடு உச்சவரம்பு. இதற்கு அடாப்டிவ் கட்டுவது வெட்டிச் செலவு.

புது கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) போட்டால் இந்தத் தலைவலியே தீராதா என்றால், பாதி தீரும். 2003-இல் வந்த எச்.264-க்குத் தேவைப்படும் பிட்ரேட்டில் பாதியில் அதே தரத்தைத் தருவதே 2013-இல் வந்த எச்இவிசியின் இலக்கு. 2018-இல் வெளியான ஏவி1 அதையும் தாண்டப் பார்க்கிறது. என்கோடு செய்ய ஆகும் நேரமும், பார்ப்பவரின் பழைய சாதனம் திறக்குமா என்ற கேள்வியும் விலை. ஏற்ற இறக்கம் அங்கேயும் அப்படியே இருக்கும்.

எதை எடுத்தாலும் ஸ்பீடு டெஸ்டில் வந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பல சோதனைகள் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து சில நொடி மட்டும் அளக்கின்றன. உங்கள் ஸ்ட்ரீம் பெரும்பாலும் ஒரே இணைப்பில் மணிக்கணக்கில் ஓடப்போகிறது. கிடைத்ததில் 70 சதவீதத்துக்குள் ஒலியையும் சேர்த்து அடக்குங்கள். 5 மெகாபிட் அப்லோடு என்றால் 3.5. முதல் கேள்வியைக் கேட்டவர் 4-இல் நின்றதுதான் வினை.

ரவுட்டரையும் ஒரு முறை திறந்து பாருங்கள். அப்லோடு நிரம்பும்போது பல ரவுட்டர்கள் பாக்கெட்டுகளைக் கைவிடாமல் நீண்ட வரிசையில் நிற்கவைக்கும். எதுவும் தொலையாது, எல்லாம் தாமதமாகும். எஃப்க்யூ-கோடெல் போன்ற வரிசை நிர்வாகம் இருந்தால் போட்டுவிட்டு, அப்லோடு வரம்பை உண்மையான வேகத்துக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். வரிசை அப்போது உங்கள் ரவுட்டரில் உருவாகும், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். வீடியோவுக்கு முன்னுரிமைக் குறி போடுவது உங்கள் வளாகத்துக்குள் பலன் தரும். வெளியே பொது இணையத்தில் அந்தக் குறியை மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

கடைசியாகச் சோதனை. உங்களிடம் உள்ளதிலேயே அதிக அசைவுள்ள காட்சியை, மற்றவர்களும் இணைப்பைப் பயன்படுத்தும் நேரத்தில், குறைந்தது 10 நிமிடம் ஓட்டுங்கள். கைவிட்ட ஃப்ரேம்களின் எண்ணிக்கை நகர்ந்தால் பிட்ரேட்டை இறக்குங்கள். இறக்கியதும் படம் கட்டம் கட்டமாக உடைந்தால், அதே பிட்ரேட்டில் 1080பி-யிலிருந்து 720பி-க்கு வந்து மறுபடி ஓட்டிப் பாருங்கள்.